பதினொன்றாவது தட்டு

மண்தட்டுக்கு முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர்.
எடுத்ததும் கொதிநீர் ஊற்றினால்
பூச்சு ஒரு பக்கம் இழுக்கும், மண் ஒரு பக்கம் இழுக்கும்.
இதைச் சொல்லித் தந்தவள் போடில்,
குத்யெம் துறைமுகத்துக்கு மேலே சூளை வைத்திருப்பவள்.
எங்கள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு தட்டு செய்தாள்.
பன்னிரண்டும் ஒரே அளவு என்று அவள் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

ஒன்று உடைந்தது.
யார் கையில் என்பதை
ஆளுக்கொரு விதமாக நினைவு வைத்திருக்கிறோம்.

பிரியும்போது வீட்டுக்கு விலை போட முடிந்தது.
காருக்கும் முடிந்தது.
வழக்கறிஞரின் மேசைமேல் பதினொரு தட்டு:
இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து,
நடுவில் அது.

அது ஆடும் தட்டு.
சூளையிலேயே அடி கொஞ்சம் முறுக்கிக்கொண்டது.
கத்தி பட்டால் டக் என்னும்,
ரொட்டியை எடுத்தால் டக் என்னும்.
கடைசி வருடத்தில் சாப்பாட்டு மேசையில்
பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

ஆறு மாதம் உனக்கு, ஆறு மாதம் எனக்கு, என்றாள் விபெக்கே.
வழக்கறிஞர் சிரித்தார்.
நாங்கள் தேதியைக் குறித்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து வருடமாக அது கடல் தாண்டிப் போய்வருகிறது,
நான் வேலை பார்க்கும் அதே கப்பலில்,
பழைய கம்பளிச் சட்டைக்குள், அட்டைப்பெட்டியில்,
மேலே அவளுடைய சாய்ந்த எழுத்தில் ‘உடையும்’.
கீழ்த்தளத்தில் லாரிகளைச் சங்கிலியால் பிணைக்கும்போது
எதற்குள் இருக்கிறதோ என்று
எல்லாச் சங்கிலியையும் இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பேன்.

வந்ததும் விளக்கடியில் பிடிப்பேன்.
பூச்சில் முடிபோல விரிசல்கள், வருடத்துக்கு வருடம் கூடுகின்றன.
அவற்றுக்குள் இளஞ்சிவப்பு ஏறியிருந்தால்
பீட்ரூட் ஊறுகாயை ராத்திரி முழுக்க விட்டிருக்கிறாள்.
பழுப்பு வட்டம் என்றால் காப்பிக் கோப்பை,
வேலைக்கு ஓடும் அவசரத்தில் கையில் கிடைத்ததன்மேல் வைத்தது.
ஒருமுறை நடுவில் கரண்டி இழுத்த சாம்பல் கோடுகள்,
சின்னச் சின்னதாக, நிறைய,
சாப்பிடப் பழகுகிற கை போட்ட மாதிரி.
சோடா உப்பைக் குழைத்து விரலால் தேய்த்தேன்.
சாம்பல் போயிற்று.
எழுதிக் கேட்கவில்லை.

கழுவிய கையோடு அடுக்கக் கூடாது.
பூச்சில்லாத அடிவளையம் தண்ணீர் குடித்திருக்கும்,
ஒரு ராத்திரி சன்னலோரம் கவிழ்த்து வைக்க வேண்டும்.
மற்ற ஐந்துக்கும் இடையிடையே துணி போட்டிருக்கிறேன்.
அதற்கு மட்டும் தனிப் பலகை.

இந்த ஏப்ரலில் பெட்டியைப் பிரித்தேன்.
கருப்பு ரொட்டி, புகையில் வாட்டிய ஹெரிங் மீன், முள்ளங்கி,
மேலே வேகாத மஞ்சள் கரு. எங்கள் தீவில் அதற்குச் சூரியன் என்று பெயர்.
கத்தியை விளிம்பில் சாய்த்தேன்.
ஒன்றுமில்லை.
முள்ளை எடுத்தேன். முள்ளங்கியை நகர்த்தினேன்.
கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினேன்.
மேசையோடு மேசையாக உட்கார்ந்திருந்தது.

மீனை ரொட்டியோடு மேசைத்துணிமேல் இறக்கிவிட்டு
தட்டைத் திருப்பினேன். மஞ்சள் கரு மணிக்கட்டில் இறங்கியது.
அடிவளையத்தில், மூன்று விரல் அகலத்துக்கு,
யாரோ தேய்த்திருக்கிறார்கள்.
உப்புத்தாள் இல்லை, அது வரிவரியாக விட்டிருக்கும்.
ஈரக் கல்லில், நாள் கணக்காக,
ஓரம் தெறிக்காமல்,
தேய்த்துத் தேய்த்து வைத்துப் பார்த்து
மறுபடி தேய்த்திருக்கிறார்கள்.
விபெக்கேவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.
எனக்கும்தான்.
நல்ல கை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர்.
துடைத்தேன். திரும்ப மேசையில் வைத்தேன்.
சட்டைப் பையில் கிடந்த பயணச்சீட்டை நாலாக மடித்து
வளையத்துக்கு அடியில் செருகிவிட்டு
விளிம்பைத் தொட்டேன்.

டக்.